தாயும் மகளுமா, உடன்பிறப்பா: கொச்சித் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மலையாளம் தமிழின் மகள் என்னும் கூற்றை வீட்டுப் பெரியவர்களிடமும், அதற்கு நேர் எதிரான மறுப்பை வகுப்புத் தோழர்களிடமும் கேட்டு வளரும் ஒரு தலைமுறையை முன்னிட்டு இம்மடல் எழுதப்படுகிறது. தமிழுக்கு 2004-இலும் மலையாளத்துக்கு 2013-இலும் நடுவண் அரசு செம்மொழித் தகுதி வழங்கிய பின்னரும் இந்த வழக்கு தணியவில்லை. பழமைக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தில் இரு தரப்பிலும் குரல்தான் உயர்ந்திருக்கிறது. மொழிகளுக்கிடையே காணும் ஒற்றுமை எல்லாம் பிறப்பினால் வந்ததே என்று இரு தரப்பாரும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கு தீராமைக்குக் காரணம். பிறப்பால் வரும் ஒற்றுமை ஒன்றுண்டு; ஆனால் கொள்வினை கொடுப்பினையாலும், நெடுநாள் அண்டை வாழ்வாலும், மனித இயல்பாலும், சில வேளை வெறும் தற்செயலாலும்கூட மொழிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கக்கூடும். இவற்றைப் பிரித்தறியக் கற்பதற்குக் கொச்சியின் தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலமும் வில்லிங்டன் தீவும் கடந்து தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரி சேரும் பேருந்துத் தடத்துக்குள் அடங்கும் நிலப்பரப்பே போதுமானது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெபாலயத்தின் உடைமையாகப் பேணப்பட்டுவரும் செப்பேடுகளிலிருந்து தொடங்குவது பொருந்தும். சேர மன்னன் பாஸ்கர ரவி, கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், முயிரிக்கோட்டில் வீற்றிருந்தபோது, ஏட்டில் இஸ்ஸுப்பு இரப்பான் என்று பெயர் பொறிக்கப்பட்டுள்ள யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு தொடர்பான உரிமையையும் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் அளித்ததை அவை பதிவுசெய்கின்றன. விடுபேறு என்பது அரசனால் விட்டுக்கொடுக்கப்பட்ட சிறப்புரிமை. பகல் விளக்கு, நடந்து செல்லும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம் ஆகியவை அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்கு மட்டும் கிரந்த எழுத்துகள் துணைக்கு வருகின்றன. ஏட்டின் கொடையை முடிக்கும் வினைச்சொல் 'குடுத்தோம்' என்பது. இன்றைய மட்டாஞ்சேரியில் இதே செய்தியைச் சொல்லும் மலையாளி 'கொடுத்து' என்று மட்டுமே சொல்வார். கொடுத்தவர் தாமா, எதிரில் இருப்பவரா, வேறொருவரா என்பதை அவ்வினைமுற்று காட்டாது. தமிழர் 'கொடுத்தோம்' என்பார்.

ஆகவே ஏட்டைப் படிக்கும் தமிழ் மாணவர் இது தமிழ் என்று உரிமை கொண்டாடுவதும், மலையாள மாணவர் இது பழைய மலையாளம் என்று மறுப்பதும் நடக்கும்; இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. 'ஓம்' என்னும் தன்மைப் பன்மை விகுதி, அதாவது பேசுவோர் பலர் என்பதைக் காட்டும் வினையின் இறுதி உறுப்பு, அந்நாளில் மேலைக்கடற்கரையின் ஆட்சிமொழியில் இன்னும் உயிரோடு இருந்தது என்பதே ஏடு தரும் சான்று. பிரிவு ஒருநாளில் நிகழவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் புதிய கூறுகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. பழைய கூறுகள் நெடுங்காலம் உடனிருந்து பின் விலகுகின்றன.

அம்மாற்றங்களை முறைப்படத் தொகுத்தவர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா. 1896-இல் வெளிவந்த கேரள பாணினீயம் என்னும் இலக்கண நூலில், தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட வழிகளை ஆறு நயங்களாக அவர் வகுத்தார். அவற்றுள் அனுநாசிகாதிப்ரசரம் என்பது மூக்கொலி தன்னை அடுத்து நிற்கும் வல்லொலியையும் தன்வயமாக்குவது: கஞ்சி 'கஞ்ஞி' ஆகிறது, மாங்காய் 'மாங்ங' ஆகிறது. தாலவ்யாதேசம் என்பது பல்லொலி அண்ண ஒலியாகத் திரிவது: அடித்து 'அடிச்சு' ஆகிறது. புருஷபேத நிராசம் என்பது மேலே கண்ட விகுதி இழப்பு. இவற்றுள் இரண்டாவதைக் காணும் தமிழ் மாணவருக்கு ஓர் ஐயம் எழவேண்டும். எழாவிட்டால் எழுப்பிக்கொள்ள வேண்டும். 'அடிச்சான்', 'படிச்சேன்' என்றுதான் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் பேசப்படுகிறது. எழுத்துத் தமிழை ஒரு தட்டிலும் பேச்சு மலையாளத்தை மறுதட்டிலும் வைத்து நிறுத்தினால் இடைவெளி பெரிதாகத் தோன்றுவது இயல்பே. பேச்சோடு பேச்சை ஒப்பிட்டால் ஆறு நயங்களில் சில இரு மொழிக்கும் பொதுவான போக்குகளாகிவிடும்.

மறுபுறம், இன்றைய தமிழர் பலர் நாவில் தேய்ந்துபோன ஒலிகளை மலையாளம் காத்துவருகிறது. 'காற்று' என்பதிலுள்ள றகர இரட்டிப்பைத் தமிழ்நாட்டின் பல பகுதிகள் 'காத்து' என்று தகரமாக்கிவிட்டன. யாழ்ப்பாணத்தாரும் குமரி மாவட்டத்தாரும் மலையாளிகளும் அதனை நுனிநாவை மேற்பல்வரிசைக்குப் பின்னுள்ள ஈறுமேட்டில் பொருத்திப் பழையபடி ஒலிக்கின்றனர். இன்று பேசப்படும் தமிழிலிருந்து இன்று பேசப்படும் மலையாளம் பிறந்தது என்று கொண்டால், தாய் இழந்துவிட்ட ஒன்றை மகள் எங்கிருந்து பெற்றாள் என்ற கேள்விக்கு விடையில்லை. இரண்டுக்கும் முன்னே நின்ற ஒரு பழைய மொழிநிலையை ஏற்கவேண்டியதாகிறது. அந்நிலைக்குத் தமிழ் என்றே பெயரிடலாம் என்று சிலரும், தமிழ்-மலையாள மூலம் என்று பொதுப்பெயரிட வேண்டும் என்று வேறு சிலரும் கூறுவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய எல். வி. ராமசுவாமி ஐயர், 1936-இல் வெளிவந்த தம் நூலில் மலையாளச் சொல்லமைப்பின் வளர்ச்சியைக் கல்வெட்டு, இலக்கியம், வட்டார வழக்கு ஆகியவற்றைக் கொண்டு படிப்படியாகத் தடம்பிடித்தவர். தாயா, தமக்கையா என்று வாதிடும் பலர் அவர் பெயரைக்கூட அறியாதிருப்பது வருந்தத்தக்கது. மகள் என்னும் சொல் குடும்பத்துக்குரிய உருவகம். மொழி ஒன்றைப் பெற்றுவிட்டு மற்றொரு மொழி அப்படியே நிலைத்திருப்பதில்லை. இரண்டுமே மாறுகின்றன என்பதால் அவ்வுருவகம் ஓர் எல்லைக்குமேல் உதவுவதில்லை.

உறவை மெய்ப்பிக்கும் முறை ஒன்றுண்டு; அதற்கு ஒப்பியல் முறை என்று பெயர். கல்கத்தாவில் 1786-இல் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று உரைத்தார். சென்னையில் 1816-இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்பதைத் தெலுங்கு இலக்கண நூல் ஒன்றின் முன்னுரைக் குறிப்பில் எடுத்துக்காட்டினார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் அதனைப் பெருநூலாக விரித்தார். சொற்கள் ஒத்திருப்பதைக் காட்டுவது இம்முறையில் பாதி வேலைதான். வேறுபாடு ஒழுங்காக அமைந்திருப்பதைக் காட்டுவதே மறுபாதி. தமிழில் பால், பத்து, பல், பெண் என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹல்லு, ஹெண்ணு என்று வருகின்றன. சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது என்னும் விதி ஒன்றே இத்தகைய பல சொற்களுக்கு விளக்கம் தருகிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே காணப்படுவது அவ்விதியை உறுதிசெய்கிறது. இவ்வாறு திரட்டிய சொற்களை மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் 1961-இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியாக வெளியிட்டனர். இருபது திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, இக்குடும்பத்தின் வயதைச் சுமார் 4,500 ஆண்டுகள் என்று மதிப்பிட்டது.

இம்முறையைக் கைக்கொள்ளாத ஒப்பீடுகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு யூதத் தெருவே சான்று. எபிரேயத்தில் தந்தை 'அப்பா', தாய் 'இம்மா'. இதைக் கண்ட மாத்திரத்தில் எபிரேயர் தமிழர் வழிவந்தோர் என்று முழங்கும் சொற்பொழிவாளர்களுக்குப் பஞ்சமில்லை. உதடுகளை மூடித்திறக்கும் பகர மகரங்களும் வாயை அகலத் திறக்கும் அகரமுமே மழலைக்கு எளிதில் கைவருவன என்பதையும், அவ்வொலிகளுக்குப் பெற்றோர் தம் பெயரை ஏற்றிக்கொள்வதையும் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கியிருக்கிறார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்பது தந்தையைக் குறிப்பதும் 'தேதா' என்பது தாயைக் குறிப்பதும், ஒலிகள் பொதுவே அன்றிப் பொருள் பொதுவன்று என்பதைக் காட்டும். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியாகிய ம்பபரத்தில் நாய்க்கு ஆங்கிலத்தைப் போலவே 'டாக்' என்னும் சொல் வழங்கியது; இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தமிழ் மேடைகளில் தவறாமல் வரும் 'கேஷ்' என்பதன் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. நாணயம் ஒன்றன் பெயராக ஆங்கிலேயர் வழங்கிய 'கேஷ்' தமிழ்க் 'காசு' போர்த்துகீசியர் வழியாகச் சென்றதே. ரொக்கம் என்ற பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் 'கேஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறொரு சொல். ஒன்றன் பெருமையை மற்றொன்றுக்கு ஏற்றுவது ஆய்வு ஆகாது.

உண்மையான கடன்சொற்கள் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் குவிந்து கிடக்கும்போது பொய்யானவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிரேக்கர் இஞ்சிக்கு வழங்கிய 'ஜிங்கிபெரி' பாலி மொழியின் வழியாகச் சென்ற திராவிடச் சொல் என்பதும், அதன் முதற்பகுதி 'இஞ்சி', பிற்பகுதி 'வேர்' என்பதும் அறிஞர்கள் பெரிதும் ஒப்புக்கொண்டவை. எதிர்த்திசையில் வந்தவையும் குறைவல்ல. சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் ஆகியவை போர்த்துகீசியர் தந்தவை. தமிழில் 'ஏலம்', மலையாளத்தில் 'லேலம்' என்று வழங்கும் சொல்லும் அவர்களுடையதே. அவர்களோ அதனை அரபியிலிருந்து பெற்றவர்கள். மிளகு விலை கூவிய வணிகருள் இந்த வம்சாவளியை எண்ணிப்பார்த்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

சொற்கள் கைமாறுவதைவிட வியப்பானது வாக்கிய அமைப்பு கைமாறுவது. மட்டாஞ்சேரி கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது இதுவே. சேர்லாய்ப் பகுதியில், கொச்சித் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சூழ்ந்து வாழும் கௌட சாரஸ்வதர்கள் போர்த்துகீசியர் ஆட்சிக்கு உட்பட்ட கோவாவிலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர்; அவர்கள் பேசும் கொங்கணி இந்தோ-ஆரிய மொழி. குஜராத்தித் தெருவில் குஜராத்தியும், கச்சி மேமன் குடும்பங்களில் கச்சியும், வேறு சில முஸ்லிம் குடும்பங்களில் தக்னி உருதும் கேட்கின்றன. இவையும் இந்தோ-ஆரியமே, தமிழுக்குப் பிறப்புறவு இல்லாதவை. ஆயினும் பசியைச் சொல்லும் விதத்தைக் கேட்டுப்பார்க்க வேண்டும். தமிழர் 'எனக்குப் பசிக்கிறது' என்பார். மலையாளி 'எனிக்கு விசக்குன்னு' என்பார். கொங்கணியில் 'மாகா பூக் லாக்லி', குஜராத்தியில் 'மனே பூக் லாகீ சே', தக்னியில் 'மேரேகு பூக் லகீ'. பசித்தவர் எல்லாவற்றிலும் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். இவ்வமைப்பு ஜெர்மன், ரஷ்ய மொழிகளிலும் ஓரளவு உண்டு என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டுவது கூடாது.

இன்னும் நுட்பமான சான்று பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும் முறையில் இருக்கிறது. 'வருவேன் என்று சொன்னான்' என்னும் தொடரில் வரும் 'என்று' என்பது, சொல்லுதலைக் குறித்த 'என்' என்னும் பழைய வினையின் எச்சம். கொங்கணியர் அவ்விடத்தில் இடும் 'ம்ஹணு' என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் வினையின் எச்சமே. வடநாட்டு உருது 'கி' என்னும் இடைச்சொல்லைக் கூற்றுக்கு முன்னே வைக்க, தெற்கே வந்து தெலுங்கரோடும் கன்னடரோடும் தமிழரோடும் கலந்த தக்னி, 'சொல்லி' என்று பொருள்படும் 'போல்கே' என்பதைக் கூற்றுக்குப் பின்னே வைக்கிறது. அச்சு திராவிடம், வார்ப்பு உருது. ட, ண, ள ஆகிய நாமடி ஒலிகளும் இம்மொழிகளுக்கு இடையே இவ்வாறே பரவிக் கிடக்கின்றன. பிறப்புறவு இன்றி அண்டை வாழ்வால் ஒத்த இயல்புகளைப் பெற்ற மொழிகள் செறிந்த நிலத்தை மொழியியற் பரப்பு என்பர். இந்தியா அத்தகைய பரப்பு என்பதை எமனோ 1956-இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். குருதியுறவுக்கு மட்டும் மதிப்பளிக்கும் மனநிலை இவ்வொற்றுமையைக் காணாமலே கடந்துவிடும்.

அண்டை வாழ்வு மேலும் ஒருபடி சென்று புதுமொழியையே பிறப்பித்ததும் கொச்சியில் நிகழ்ந்தது. போர்த்துகீசியர் 1503-இல் இங்கே கோட்டை கட்டியபின், அவர்களை மணந்த உள்ளூர்ப் பெண்களின் வீடுகளில் போர்த்துகீசியச் சொற்களும் மலபார்க் கரையின் தொடரமைப்பும் கலந்த பேச்சு ஒன்று உருவாகி, குழந்தைகளின் தாய்மொழியாயிற்று. இத்தகைய கலப்புத் தாய்மொழியைக் கிரியோல் என்பர். இன்னாருடைய வீடு என்று சொல்கையில் போர்த்துகீசியத்தில் வீடு முன்னும் வீட்டுக்காரர் பின்னுமாக வர, இக்கிரியோலில் தமிழிலும் மலையாளத்திலும் போல வீட்டுக்காரர் பெயர் முன்னே வந்தது. டச்சுக்காரர் 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரும், ஆட்சியின் துணை ஏதுமின்றி, அது மூன்றரை நூற்றாண்டுக்கு அண்மைக் காலம் வீடுகளுக்குள் வாழ்ந்தது. அதனைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராகிய வைப்பின் வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்டில் காலமானார். ஹ்யூகோ கார்டோசோ என்னும் போர்த்துகீசிய மொழியியலாளர் அதற்கு முன்னரே அவர் பேச்சைப் பதிவுசெய்திருந்தார் என்பதாலேயே அம்மொழியைப் பற்றி இவ்வளவும் சொல்ல முடிகிறது.

மொழி என்னும் ஆற்றலே முதன்முதல் எவ்வாறு தோன்றியது என்ற வினாவுக்கு இம்மடல் நெடிதாக விடைகூற முற்படாது. சான்றில்லாத ஊகங்கள் பெருகியதைக் கண்டு பாரிஸ் மொழியியற் கழகம் 1866-இல் அப்பொருளில் கட்டுரைகளை ஏற்பதில்லை என்று விதி செய்தது. எழுத்துச் சான்று ஐயாயிரம் ஆண்டுகளைச் சற்றே கடக்கிறது. ஒப்பியல் முறை பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் மங்கிவிடுகிறது. மனிதப் பேச்சோ அவற்றைவிடப் பன்மடங்கு தொன்மையானது. உலக முதன்மொழி இன்னதென்று பெயர்சொல்லும் எவரும் இந்த இடைவெளியைத் தாண்டிக் காட்டியாக வேண்டும். எனினும் புதுமொழி பிறப்பதை நேரில் கண்ட நிகழ்வு ஒன்று உண்டு. நிகராகுவாவில் 1970-களின் பிற்பகுதியில் காதுகேளாத குழந்தைகளுக்குப் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, ஆசிரியர் எவரும் கற்பிக்காமலே அக்குழந்தைகள் தமக்குள் சைகைமொழி ஒன்றைப் படைத்தனர். பின்னே வந்த சிறுவர் அதனை இலக்கணச் செறிவுடையதாக்கினர். குடும்பம் வேறாயினும் மொழிகளுக்குள் பொது இயல்புகள் இருப்பதற்கு இந்த மனித இயல்பும் ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963-இல் முப்பது மொழிகளை ஒப்பிட்டு நாற்பத்தைந்து பொதுமைகளை முன்வைத்தார். வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் வேற்றுமைப் பொருள்தரும் உருபுகளைப் பெயருக்குப் பின்னே வைக்கும் போக்குடையன என்பது அவற்றுள் ஒன்று. தமிழும் ஜப்பானியமும் துருக்கியும் இவ்வகையில் ஒத்திருப்பதைக் கண்டு உறவுமுறை கற்பிக்கும் முன் மாணவர்கள் இதனை நினைவுகூர வேண்டும்.

இவ்வளவும் கூறியது ஒரு வேண்டுகோளுக்காக. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், டச்சுப் படையினரின் துணிகளை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழியினர் என்று தம்மைக் கூறிவருகின்றன. அவர்களது பேச்சு, மலையாளம் சூழ்ந்த ஊரில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ். தேவராவில் 1944 முதல் இயங்கிவரும் சேக்ரட் ஹார்ட் கல்லூரியிலோ மற்றக் கல்லூரிகளிலோ பயிலும் தமிழ் மாணவர்கள் தாய்-மகள் வழக்கில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை அப்பேச்சைப் பதிவுசெய்யச் செலவிடுவது பெரும்பயன் தரும். வெள்ளாவி, கஞ்சி, துறை முதலிய தொழிற்சொற்கள் எந்த ஒலியோடு வழங்குகின்றன, பேத்தியிடம் பேசும் பாட்டி 'வந்தேன்' என்பதன் விகுதியைக் காக்கிறாரா, விடுகிறாரா, 'கஞ்சி' எந்த வீட்டில் 'கஞ்ஞி' ஆகியிருக்கிறது, பேரக் குழந்தைகள் மறுமொழியை எந்த மொழியில் சொல்கின்றனர் என்பன முதற்கண் கேட்க வேண்டியவை. பேசுவோரின் இசைவைப் பெற்ற பின்னரே கைபேசியில் ஒலிப்பதிவு செய்யவேண்டும். றகர இரட்டிப்பும் நகரமும் உண்மையில் எப்படி ஒலிக்கப்படுகின்றன என்பதைத் தமிழெழுத்து முழுமையாகக் காட்டாது என்பதால் அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கைப் பயன்படுத்த வேண்டும். 'தப்பு' என்று பெரியவர்களைத் திருத்தக் கூடாது. பேசியவரின் வயது, பிறந்த இடம், பதிவுசெய்த நாள் ஆகியவற்றை உடனுக்குடன் குறித்து, ஒலிப்பதிவின் ஒரு படியை அக்குடும்பத்திடமும் மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திடமும் ஒப்படைக்க வேண்டும்.